இசக்கியின் இடது தோள்

"ஜெயிச்சது நான். குறை சொல்றது நீங்களா?" என்று கேட்டாள் இசக்கி.

மாநில வாள்வீச்சுப் போட்டியின் இறுதி ஆட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. இசக்கிக்குப் பதினாறு வயது. அவளிடம் தோற்ற குளோரிக்கு இருபது. இருவருமே நாகர்கோவில்காரிகள். அதுவரை பேசிக்கொண்டதில்லை.

குளோரி முகக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தோற்ற முகமாகவே அது இல்லை. பையிலிருந்து ஒரு மட்டி வாழைப்பழத்தை எடுத்து உரித்தபடி நிதானமாகச் சொன்னாள்.

"பாயுறதுக்கு முன்னாடி உன் இடது தோள் மேல ஏறுது. மொதல்ல தோள் வருது. பெறவுதான் வாளு வருது."

"ஏறட்டுமே. உங்களால தடுக்க முடியலியே."

"எனக்கு வேகம் போதாது. வேகம் உள்ளவ ஒருத்தி வருவா."

"வரும்போது பாத்துக்கலாம்."

குளோரி பழத்தைப் பாதியாகப் பிட்டு நீட்டினாள். இசக்கி வாங்கிக்கொண்டாள்.

ஒருத்தி குருவானதும் மற்றவள் சிஷ்யையானதும் இப்படித்தான்.

அதற்குப் பிறகு குளோரி போட்டிகளில் ஆடவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், தனக்கு எல்லாம் புரிகிறது, கைதான் வரவில்லை, கை வருகிற ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று சொன்னாள்.



வாள் என்றால் வெட்டுகிற வாள் இல்லை. கூர் இல்லாத, மெல்லிய கம்பி மாதிரியான வாள். நுனியில் ஒரு பொத்தான் இருக்கும். அது எதிராளியின் உடம்பில் எங்கே பட்டாலும் விளக்கு எரியும், புள்ளி கிடைக்கும்.

ரத்தம் வராது. மானம்தான் போகும்.

பயிற்சிக்கு நாகர்கோவிலில் தனி இடம் கிடையாது. ஒரு சர்ச்சுக்குச் சொந்தமான கல்யாண மண்டபத்தின் பந்திக்கூடத்தைப் பாதிரியார் இலவசமாகக் கொடுத்தார். இரண்டு வரிசை மேஜைகளுக்கு நடுவே இருந்த நீளம் வாள்வீச்சுக்கு அளந்து விட்டது போல இருந்தது. கல்யாணம் நடந்த மறுநாள் மட்டும் பாயசம் காலில் ஒட்டும்.

ஒரு முறை மண்டபம் பார்க்க வந்த பெண்வீட்டார், வெள்ளை உடுப்பும் முகமூடியுமாக இரண்டு பேர் வாளோடு மோதுவதைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டில் ஏதோ பங்காளித் தகராறு என்று நினைத்துப் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். வந்த ஏட்டு ஆட்டத்தைக் கடைசிவரை பார்த்தார். போகும்போது இசக்கியிடம், தோளை ஏன் தூக்குகிறாய் என்று கேட்டார்.

குளோரி இசக்கியைப் பார்த்தாள்.

இசக்கி கூரையைப் பார்த்தாள்.



இசக்கி இந்தியாவிலேயே முதல் ஆளானாள்.

அதற்கு அதிக காலம் ஆகவில்லை. அவள் கால்கள் அப்படி. எதிராளி இமைத்துத் திறப்பதற்குள் பாய்ந்து, தொட்டு, பழைய இடத்துக்குத் திரும்பியிருப்பாள். தொடப்பட்டவர்கள் விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலை கிடைத்தது. ஒரு கட்சிக்காரர் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, ஆளுயர வீரவாள் ஒன்றைப் பரிசளித்தார். அதைத் தூக்க அவளுக்கு இன்னொருவரின் கை தேவைப்பட்டது. மாப்பிள்ளைகளும் வந்தார்கள். ஒருவர் வாளைப் பார்க்க ஆசைப்பட்டார். பார்த்தார். பிறகு அந்த வீட்டிலிருந்து பேச்சே இல்லை. அம்மா சொர்ணம் அடுத்த தடவை அலமாரியைப் பூட்டி வைத்தாள். அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

ஒவ்வொரு பதக்கத்தோடும் இசக்கி பந்திக்கூடத்துக்கு வருவாள். குளோரி பதக்கத்தை வாங்கிப் பார்ப்பாள். நல்ல கனமாக இருக்கிறது என்பாள். பிறகு ஒரே சொல்.

"தோள்."

"ஜெயிச்சாச்சேக்கா."

"அது செரி. தோள்."

குளோரி சொல்லிப் பார்த்தாள். தோளில் ஈரத்துணியைப் போட்டுப் பார்த்தாள். கடைசியாக ஒரு சலங்கை மணியை வாங்கி வந்து இசக்கியின் இடது தோளில் ஊசி குத்தி மாட்டினாள். இப்போதாவது தன் காதுக்கே கேட்கும் என்று நினைத்தாள்.

மணி அடித்தது. இசக்கி தொட்டாள். மீண்டும் அடித்தது. மீண்டும் தொட்டாள். கூட ஆடிய பெண்களில் ஒருத்தியால்கூடத் தடுக்க முடியவில்லை.

"பாத்தீங்களா? ரயில் மாதிரி சத்தம் குடுத்துட்டே வந்து தொடுறேன்," என்றாள் இசக்கி.

குளோரி மணியைக் கழற்றிப் பையில் போட்டாள். அன்றோடு தோளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அக்கா ஒருவழியாக ஒப்புக்கொண்டாள் என்று இசக்கி நினைத்தாள்.



கண்ணூரிலிருந்து ரஜிஷா என்று ஒருத்தி வந்தாள்.

நெட்டையான, அமைதியான பெண். தேசியப் போட்டிகளில் எல்லோரையும் ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கு வருவாள். அங்கே இசக்கியிடம் தோற்பாள். கைகுலுக்குவாள். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். இது வருடாவருடம் நடந்தது. குழாய்ச் சத்தம் கேட்டால் போட்டி முடிந்தது என்று அர்த்தம் என்று மற்ற பெண்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த வருடம் போட்டி புனேயில். ஜெயிக்கிறவள் ஆசியப் போட்டிக்குப் போவாள். இசக்கிக்கு இருபத்தெட்டு வயது ஆகிவிட்டது. ஆசியப் பதக்கம் ஒன்றுதான் அவளிடம் இல்லாதது. அடுத்த ஆசியப் போட்டி வரும்போது இந்தக் கால்கள் இப்படியே இருக்குமா என்று அவளுக்குத் தெரியாது.

இறுதி ஆட்டத்தில் எதிரே வழக்கம்போல ரஜிஷா. இசக்கியின் பின்னால், நாற்காலியில், தமிழ்நாட்டு அணியின் பயிற்சியாளராகக் குளோரி.

இசக்கி பாய்ந்தாள்.

ரஜிஷாவின் வாள்நுனி அங்கே ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. விருந்தாளிக்காக வாசலில் காத்திருப்பது போல.

விளக்கு எரிந்தது. ரஜிஷாவுடையது.

தற்செயல் என்று இசக்கி நினைத்தாள். இன்னும் வேகமாகப் பாய்ந்தாள். நுனி இன்னும் சீக்கிரமாக வந்து காத்திருந்தது. அவள் வேகம் கூடக் கூட, தானே போய் அதில் மோதுவதும் கூடியது. கடைசியில் அவளுக்குப் பாயவே பயம் வந்தது. பாயாமல் நின்றாள். நின்றவளை ரஜிஷா வந்து தொட்டுவிட்டுப் போனாள்.

ஆட்டம் முடிந்தது.

ரஜிஷா முகக்கவசத்தைக் கழற்றினாள். தன் பயிற்சியாளரைத் தாண்டி ஓடினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, குளோரியின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

இசக்கி நடந்து வந்து குளோரியின் முன்னால் நின்றாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக மரியாதை விட்டுப்போனது.

"அவகிட்ட என்ன சொன்னே?"

"தோளைச் சொன்னேன்," என்றாள் குளோரி.

"ஏன்?"

"வந்து கேட்டா. சொன்னேன்."

"நீ எனக்கு அக்காவா, அவளுக்கு அக்காவா?"

குளோரி தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். இசக்கி வாங்கவில்லை.

"இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

"செரி," என்றாள் குளோரி. "தோளைப் பாத்துக்க."

மூஞ்சியில் முழிக்காமல் இருப்பது அத்தனை சுலபமாக இல்லை. திரும்பி வரும் ரயிலில் இருவருக்கும் ஒரே இடத்தில் எதிரெதிர்ப் படுக்கை. மாற்றிக்கொள்ள வேறு இடம் இல்லை என்பது டிக்கெட் பரிசோதகரான இசக்கிக்கு நன்றாகவே தெரிந்தது. புனேயிலிருந்து நாகர்கோவில் வரை அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். குளோரி இட்லி சாப்பிட்டாள், தூங்கினாள், எழுந்து மறுபடியும் இட்லி சாப்பிட்டாள்.



செய்தி பரவியது.

சொந்த ஊர்ப் பெண்ணை மலையாளத்துக்காரியிடம் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று டீக்கடைகளில் பேசினார்கள். வாள்வீச்சு என்றால் என்ன என்று தெரியாதவர்களும் பேசினார்கள். மாநில அணியின் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து குளோரியை நீக்கினார்கள். விளக்கம் கேட்டபோது, தான் சொன்னது உண்மைதான் என்று மட்டும் சொன்னாள். அது விளக்கமாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

அவள் பந்திக்கூடத்தில் பள்ளிக்கூடப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ரஜிஷா ஆசியப் போட்டிக்குப் போனாள். வெண்கலம் வாங்கினாள். பத்திரிகையில் வந்த படத்தை இசக்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதில் வடையை மடித்துச் சாப்பிட்டாள்.

இனி தோள் ஏறக் கூடாது. அவ்வளவுதான். அதைச் சொல்ல அவளுக்கு யாரும் தேவையில்லை.

ஆனால் தோள் கேட்கவில்லை. அதை இறக்கினால் கால் கனத்தது. காலை நினைத்தால் தோள் ஏறியது. இரண்டையும் நினைத்தால் வாள் கையில் இருப்பது மறந்துபோனது. பந்திக்கூடத்துக்குப் பதிலாகப் போன ரயில்வே பயிற்சி முகாமில் நேற்று வந்த பெண்களெல்லாம் அவளைத் தொட்டார்கள். தொட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். மன்னிப்புத்தான் அதிகம் வலித்தது.

வேலையிலும் தோளை இறக்கியே வைத்திருந்தாள். இடது பக்கம் சாய்ந்தபடி டிக்கெட் கேட்டுக்கொண்டு வருபவளைப் பார்த்துப் பயணிகள் பரிதாபப்பட்டார்கள். ஒரு அம்மா தன் பையிலிருந்து தைலப் புட்டியை எடுத்து, அவள் வேண்டாம் வேண்டாம் என்னும்போதே தேய்த்துவிட்டாள். டிக்கெட் இல்லாத ஒருவர், தன்னைவிட இவளுக்குக் கஷ்டம் அதிகம் என்று நினைத்துத் தானாகவே இறங்கிப்போனார்.

சொர்ணம் அவளைச் சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போனாள். அவர் தோளைப் பிடித்து ஒரே இழுப்பில் பழைய இடத்துக்கே ஏற்றிவிட்டார்.

அன்றைக்கு இசக்கி அழுதாள். விட்டுவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாள்.

சொர்ணம் கொஞ்ச நேரம் யோசித்தாள். விட்டால் ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்துவிடலாம்தான் என்றாள். பிறகு மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆனா நீ நாள் முழுக்க வீட்ல இருந்தா எனக்குல்லா பயமா இருக்கு," என்றாள்.

மறுநாள் விடிந்ததும் இசக்கி முகாமுக்குப் போனாள்.

எப்போது சரியானது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு நாள் பாய்ந்தாள், தொட்டாள், திரும்பினாள். எதிரே நின்ற பெண் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டாள்.



அடுத்த தேசியப் போட்டி. மறுபடியும் இறுதி ஆட்டம். மறுபடியும் ரஜிஷா.

ரஜிஷா தோளுக்காகக் காத்திருந்தாள். தோள் வரவில்லை. நேராக வாள் வந்தது.

அவள் மேலும் கவனமாகக் காத்திருந்தாள். வாள் மேலும் வந்தது. ஒரு கட்டத்தில் ரஜிஷா நடுவரை நிறுத்தச் சொல்லி, முகக்கவசத்தின் வலையைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். வலை சுத்தமாகத்தான் இருந்தது.

ஆட்டம் முடிந்து கைகுலுக்கினார்கள். ரஜிஷா குளியலறைப் பக்கம் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

இசக்கிக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் பதக்கத்தை எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை. சொர்ணத்திடம் கொடுத்தாள். சொர்ணம் அதை மற்றவற்றோடு ஆணியில் மாட்டினாள். அவ்வளவோடு அது முடிந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் இசக்கி அதை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு பந்திக்கூடத்துக்குப் போனாள். சண்டை போடத்தான் போகிறேன் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

காலையில் அங்கே ஒரு கல்யாணம் நடந்திருந்தது. பள்ளிக்கூடப் பெண்கள் இன்னும் வரவில்லை. குளோரி ஈரத்துணியால் பாயசத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள்.

இசக்கி உட்காரவில்லை. பதக்கத்தை மேஜைமேல் வைத்தாள்.

"தோளை இறக்கிட்டேன்."

"போன்ல பாத்தேன்," என்றாள் குளோரி. பதக்கத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "நல்ல கனமா இருக்கு."

இசக்கி காத்திருந்தாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

ஒரு வருடமாக மனதில் அடுக்கி வைத்திருந்ததையெல்லாம் அவள் கொட்டினாள். அந்த ரயில் பயணத்தைச் சொன்னாள். கைவிட்டுப்போன ஆசியப் பதக்கத்தைச் சொன்னாள். மன்னிப்புக் கேட்ட பெண்களைச் சொன்னாள். தைலத்தைச் சொன்னாள். குளோரி தைலத்தின் பெயரைக் கேட்டாள். இசக்கி அதையும் சொன்னாள்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். குரல் இறங்கியிருந்தது. மரியாதை திரும்ப வந்திருந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லாக்கா. அவகிட்ட ஏன் சொன்னீங்க?"

குளோரி துணியைப் பிழிந்தாள்.

"உன்கிட்ட வருசக்கணக்காச் சொன்னேன். நீ கேக்கல. அவகிட்ட ஒரே ஒரு தடவ சொன்னேன். நீ கேட்டுட்ட."

இசக்கி தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்தாள்.

வெளியே பந்தல்காரர்கள் கம்புகளைப் பிடுங்கிக் கீழே போடுகிற சத்தம் கேட்டது.

"நேத்து ரஜிஷா கூப்பிட்டா," என்றாள் குளோரி, அடுத்த மேஜைக்கு நகர்ந்தபடி. "அழுதா."

"பாவம்." இசக்கிக்குச் சிரிப்பு வந்தது. "என்ன சொன்னீங்க?"

"அடுத்ததைச் சொன்னேன்."

"அடுத்தது எது?"

"உன்னோட அடுத்த தப்பு."

சிரிப்பு நின்றது.

"இன்னொண்ணு இருக்கா?"

"ம்."

"என்னதுக்கா அது?"

"அடுத்த போட்டி எப்ப?"

"மார்ச்சுல."

"அப்ப மார்ச்சுல தெரிஞ்சிரும்," என்று சொல்லிவிட்டுக் குளோரி வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

இசக்கி தனியாக உட்கார்ந்திருந்தாள். கோபம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. எழுந்து, மேஜைகளுக்கு நடுவே, கையில் வாள் இல்லாமலே பாய்ந்து பார்த்தாள். தோளைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். எதுவும் தெரியவில்லை. இன்னொரு தடவை பாய்ந்தாள். பாயசம் காலில் ஒட்டியது.

போனை எடுத்து ரஜிஷாவை அழைத்தாள். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவளை அழைத்ததில்லை.

"ரஜிஷா, நான் இசக்கி. அக்கா உன்கிட்ட சொன்னது என்னது? எனக்கு எங்க தப்பு?"

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு ரஜிஷா பாதித் தமிழிலும் பாதி மலையாளத்திலுமாகச் சொன்னாள்.

"முதல்ல எனக்கு எங்க தப்புன்னு நீ சொல்லு. பின்னே நான் சொல்லாம்."

இசக்கி சொல்ல வாயெடுத்தாள்.

எத்தனையோ இறுதி ஆட்டங்கள். எத்தனையோ தடவை அவளைத் தொட்டிருக்கிறாள். ரஜிஷா எப்படி நிற்பாள், எந்தக் காலை முதலில் எடுப்பாள், எப்போது மூச்சு விடுவாள், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. விளக்குதான் நினைவுக்கு வந்தது.

"ஹலோ?" என்றாள் ரஜிஷா.

"நாளைக்கு ரயிலேறி நாகர்கோவிலுக்கு வா," என்றாள் இசக்கி. "பாத்துட்டுச் சொல்றேன்."